எடை கூடிய அறிக்கை

அத்தியாயம் 6

லைசென்ஸ் விசாரணை மூன்று மணிக்கு. இரண்டு பத்துக்கு அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் படியேறி வந்த மூவரில் மூச்சு வாங்கியது ஒட்டடைக்கு மட்டும்தான். லிஃப்ட் இருக்கும்போது எதற்குப் படி என்று அவன் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளாக அவன் அக்கா எந்த லிஃப்டிலும் கால் வைக்கவில்லை. அவளைப் படியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் சொகுசாக ஏறிப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

ஒட்டடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஆறடி உயரம், அதற்குத் தகுந்த சதை கிடையாது. ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்தவர்கள் சோம்பல்பட்டுக் குச்சியை விட்டுவிட்டார்கள். அவனை வேலைக்கு வைத்திருக்கும் அம்மையாரின் கதையும் அதுதான். எடையளவுத் துறையில் இருபத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறிக் கள்ளத் தராசுகளைப் பறிமுதல் செய்ததில் தராசம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய வந்தார். வேலை பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்பார்.

அக்கா என்றால் ஒட்டடையின் பெரியம்மா மகள். லிஃப்ட் இன்ஸ்பெக்டர், பதினேழு வருட அனுபவம். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், திறந்து நின்ற லிஃப்டுக்குள் ஒரு கொரியர்க்காரர் கால் வைத்தார். பிரேக் பிடிக்கவில்லை. கதவு திறந்தபடியே லிஃப்ட் கீழே நழுவியது. ஆள் பிழைத்துக்கொண்டார். இனி நடப்பாரா என்று கேட்டால் மருத்துவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். விபத்துக்கு நான்கு நாள் முன்புதான் அதே லிஃப்டை அக்கா சோதித்திருந்தாள். பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள் என்று எழுதியதாக அவளுக்கு ஞாபகம். அறிக்கையைத் திறந்தால் 'ஓட்டலாம்' என்று இருக்கிறது, கீழே அவளுடைய கையெழுத்தோடு.

ஞாபகம் என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. நிச்சயம் என்று சொல்ல நா எழவில்லை. அந்த வாரம் அவள் கணவர், ஒட்டடையின் மாமா, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று நாள் பொட்டுத் தூக்கம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமாக ஓடினாள். தூக்கக் கலக்கத்தில் விரல் தப்பான கட்டத்தில் பட்டிருக்குமோ? லைசென்ஸ் போனால் போகட்டும், ஒரு மனுஷனின் கால் போனது என்னாலா என்ற கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குத் தினம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர். படி முடியும் இடத்திலேயே காத்திருந்தார். அடித்துத் திருத்தாத ஒரு கடிதமும் மூடி கழற்றிய பேனாவும் கையில் இருந்தன.

"நீங்க எனக்குக் கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி, சிஸ்டர். அசதியில கை தவறிடுச்சுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆறு மாசம் லைசென்ஸை நிறுத்தி வைப்பாங்க, அதோட போச்சு. மேலே வந்து வாதாடினீங்கன்னா லைசென்ஸ் ரத்து, அப்புறம் போலீஸ். சங்கிலியில இருக்கிறதை யாராலயும் மாத்த முடியாது, உங்களுக்கே தெரியும்."

வராமல் இருந்தாலும் ரத்துதான் என்று போகிற போக்கில் ஞாபகப்படுத்தினார். மூன்று மணிக்கு ஆள் நாற்காலியில் இல்லையென்றால் குமாஸ்தா அந்த நிமிடமே முத்திரை போட்டுவிடுவார். பிறகு மேல்முறையீடு என்று ஒரு வருடம் இழுக்கும். இவ்வளவையும் அன்பாகச் சொல்லி, கடிதத்தையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, விசாரணை நடக்கும் நான்காம் மாடிக்குப் போனார். பேனாவைக்கூடத் திருப்பி வாங்கவில்லையே, எவ்வளவு தாராளம் என்றான் ஒட்டடை. யாரும் சிரிக்கவில்லை.

சங்கிலி என்பது லிஃப்ட் அறிக்கைகளுக்கான கணினிப் பதிவேடு. அது இருந்தது இரண்டாம் மாடியின் கோடியில், குளிர் ஏறிய ஒரு சின்ன அறையில். அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சங்கிலிக்காரர் என்றே அழைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனிகள் சிவந்திருந்தன. கட்டட உரிமையாளர் சங்கத்துக்காக அந்தச் சங்கிலியை உருவாக்கியவர் அவர்தான். பெற்ற பிள்ளையைக் குறை சொல்ல வந்தவர்களைப் பார்ப்பதுபோல் இவர்களைப் பார்த்தார்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தன் கைக்கருவியில் அறிக்கையை எழுதி ஒப்புதல் கொடுத்ததும், அந்த அறிக்கைக்கு ஒரு ஹாஷ் எடுக்கப்படும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி, கோப்புக்கு அது. கைரேகை மட்டும் சங்கிலியில் ஏறும். ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியின் கைரேகையைச் சுமந்துகொண்டிருக்கும், சங்கிலியின் நகல் பதினெட்டு அலுவலகங்களில் இருக்கும், அதனால் எவனும் அதில் கை வைக்க முடியாது. அறிக்கை மட்டும் லிஃப்ட் கம்பெனியின் கணினியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதை எடுத்து, கைரேகை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தினால் பச்சை. அக்காவின் அறிக்கை பச்சை.

தராசம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த அறிக்கை எவ்வளவு எடை என்று கேட்டார். சங்கிலிக்காரர் சிரித்துவிட்டு, கோப்புக்கு எடை கிடையாது, அளவுதான் உண்டு என்றார். அந்த அளவைத்தான் கேட்கிறேன் என்றார் அம்மையார். 412 கேபி. அதே நாள் அக்கா சோதித்த இன்னொரு லிஃப்டின் அறிக்கை? 268. இரண்டிலும் இரண்டே பக்கம். இரண்டிலும் படம் கிடையாது. ஒன்று மட்டும் ஏன் கனக்கிறது என்று கேட்டதற்கு, சில கோப்பு அப்படித்தான் என்று தோளைக் குலுக்கினார். தராசம்மா இரண்டு எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஒட்டடைக்கு அந்தப் பழக்கம் தெரியும். உள்ளங்கைக்கு வந்த விஷயம் இலேசில் அழியாது.

அடுத்து, கைரேகை எடுப்பது எந்த முறையில் என்று கேட்டார். எம்.டி.ஃபைவ் என்று பதில் வந்தது. கொஞ்சம் மெல்லிய குரலில் வந்தது.

"அது செத்து இருபது வருஷம் ஆச்சேண்ணே," என்றான் ஒட்டடை. முந்தின நாள் முழுக்க அவன் இதைத்தான் படித்திருந்தான். "ஊரெல்லாம் ஷா-256ன்னு போயிட்டிருக்கு. நீங்க என்ன இன்னும் சுடுகாட்டுல நிக்கறீங்க?"

சங்கிலிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய முறை பலவீனமானதுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும் என்று அடித்துச் சொன்னார். ஒருவர் எழுதி முடித்த அறிக்கைக்கு, அதே கைரேகையோடு வேறொரு அறிக்கையைப் பிற்பாடு செய்ய இன்றைக்கும் யாராலும் முடியாது. எம்.டி.ஃபைவிலும் முடியாது. அதனால் இன்ஸ்பெக்டர் ஒப்புதல் கொடுத்த பிறகு யாரும் போலி செய்திருக்கவே முடியாது என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அது தீர்ப்பு மாதிரி இருந்தது. கடிதத்தை மேசை ஓரத்தில் விரித்து வைத்தாள். மணி இரண்டு இருபத்திரண்டு.

தராசம்மா மட்டும் அசையவில்லை. "எழுதி முடிச்சதுக்கு அப்புறம் முடியாது. சரி. எழுதறப்பவே ரெண்டா பெத்துக்கிட்டா?"

சங்கிலிக்காரரின் விரல் வாய்க்குப் போனது. கடிக்க நகம் மிச்சமில்லை. முடியும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில், ஒரே கைரேகை வருகிற மாதிரி சேர்த்தே தயாரிப்பதென்றால், எம்.டி.ஃபைவில் சாதாரணக் கணினி போதும். ஷா-256இல் உலகத்தில் எவனும் இதுவரை செய்து காட்டவில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கே கைரேகை வேறு வேறாயிற்றே என்றான் ஒட்டடை. இந்த இரட்டைக்கு ஒன்றுதான் என்றார் அவர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இரட்டையைப் பெற்றுக்கொள்ள வசதியாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர் யார்? எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒட்டடை மெல்ல எழுந்து கதவோரம் போய் நின்றான். ஆளைப் பிடிக்கும் பலம் அவனுக்கு இல்லை. வழியை அடைக்கும் நீளம் இருந்தது.

அந்த நகர்வு சங்கிலிக்காரருக்குப் புரிந்துவிட்டது. வேர்த்துக் கொட்ட, வேகத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சுவரைக் காட்டினார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று ஒட்டடை முணுமுணுத்தான்.

சுவரில் ஒரு தாள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் சங்கக் கூட்டத்தில் காட்டிய ஒப்பீடு. பாதுகாப்பு என்ற வரியில் ஷாவுக்கு ஐந்து நட்சத்திரம், எம்.டி.ஃபைவுக்கு இரண்டு. வேகம் என்ற வரியில் அப்படியே தலைகீழ். இன்ஸ்பெக்டர்கள் இயந்திர அறையை வீடியோ எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கைரேகை எடுக்க வேண்டும். ஷா என்றால் ஒரு வீடியோவுக்குப் பதினோரு விநாடி. எம்.டி.ஃபைவ் என்றால் நான்கு. நாளைக்கு ஆறு லிஃப்ட், லிஃப்டுக்கு எட்டு வீடியோ. வீடியோவுக்கு வீடியோ காத்து நிற்க முடியாது என்று இன்ஸ்பெக்டர்கள் முனக, சங்கத்தார் வேகத்துக்குக் கை தூக்கினார்கள். தீர்மானத்தில் பதினாறு கையெழுத்து இருந்தது.

தராசம்மா தாளின் அருகே போய் எண்களைப் படித்தார். நட்சத்திரங்களை அவர் பார்க்கவே இல்லை. இந்த விநாடிகளை எதில் அளந்தீர்கள் என்று கேட்டார்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கருவி வந்தது. உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பு, ஓரத்தில் மஞ்சள் ரப்பர். இன்ஸ்பெக்டர்கள் வைத்திருப்பது இதே கருவிதான் என்றார் சங்கிலிக்காரர்.

"சந்தைக்குப் போனா நான் முதல்ல தராசைப் பார்க்க மாட்டேன். எடைக்கல்லை யார் கொண்டு வந்தாங்கன்னு பார்ப்பேன். இது யார் குடுத்த கல்லு?"

லிஃப்ட் கம்பெனி கொடுத்தது என்றார் அவர். கருவிகள், அவற்றுக்குள் இருக்கும் அறிக்கைப் படிவம், எல்லாமே கம்பெனியின் உபயம்தான். சோதித்துப் பார்க்க ஒன்று வேண்டும் என்று கேட்டபோது சர்வீஸ் மேனேஜரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார்.

தராசம்மா அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா தன் பையிலிருந்து அவளுடைய கருவியை எடுத்துத் தந்தாள். மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. மஞ்சள் ரப்பர்கூட ஒரே மாதிரி அழுக்காகியிருந்தது. ஒரே வீடியோவை இரண்டிலும் ஏற்றச் சொன்னார். ஒட்டடை கைப்பேசியில் நேரம் அளக்கத் தயாரானான்.

முதலில் இழுப்பறைக் கருவி. எம்.டி.ஃபைவ் நான்கு விநாடி, ஷா பதினொன்று. சுவர்த் தாள் சொன்னது சொன்னபடி. நான் சொன்னேன் அல்லவா என்பதுபோல் சங்கிலிக்காரர் நிமிர்ந்தார்.

அடுத்து அக்காவின் கருவி. எம்.டி.ஃபைவ் நான்கு விநாடி. ஷா ஓடத் தொடங்கியது. ஒட்டடை ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூன்று சொல்ல வாயைத் திறந்தபோது வேலை முடிந்திருந்தது.

சங்கிலிக்காரர் ஏதோ கோளாறு என்று மறுபடி ஓட்டினார். மறுபடியும் இரண்டு விநாடி. கருவியின் உள் விவரங்களைத் திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர்களின் கருவியில் இருப்பது புதிய சிப். ஷாவுக்கென்றே அதில் தனி மின்சுற்று வைத்திருக்கிறார்கள், பாதுகாப்பானதே வேகமானதும். அவருக்குச் சோதிக்கக் கொடுத்த கருவியில் மட்டும், அதே கூட்டுக்குள், அந்தச் சுற்று இல்லாத பழைய சிப்.

"எனக்குக் குடுத்ததே வேறயா? நானே கையால எழுதி, கூட்டத்துல நானே எழுந்து நின்னு வாசிச்சேனே," என்றார். திருடன் என்று ஐந்து நிமிடம் முன்பு அவரை முடிவு கட்டியிருந்த ஒட்டடைக்கு இப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதவை விட்டு நகர்ந்து, மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தான்.

இந்தப் பந்தயத்தை ஏற்பாடு செய்த மேனேஜருக்கு எம்.டி.ஃபைவ் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. ஏன் ஜெயிக்க வேண்டும்? தராசம்மா உள்ளங்கையைக் காட்டினார். 412, 268. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கனம் இருக்காது, வயிற்றைத் திறந்து பாருங்கள் என்றார்.

சங்கிலிக்காரர் அறிக்கையை வழக்கமாகப் படிக்கும் முறையில் திறக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே கொட்டிப் பார்த்தார். திரையில் புரியாத எழுத்துகள் ஓடின. மணி இரண்டு முப்பத்தெட்டு. பின்னால் பேனா உரசும் சத்தம் கேட்டு ஒட்டடை திரும்பினான். அக்கா கடிதத்தில் தேதியை எழுதி முடித்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ரெண்டு நிமிஷம் பொறுக்கா என்று அவன் கேட்டான். யார் எதைக் கண்டுபிடித்தாலும், தான் எந்தக் கட்டத்தைத் தொட்டோம் என்பது தனக்கே தெரியவில்லையே என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

அறிக்கையில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பக்கம். உள்ளே எண்ணினால் மூன்று. முதல் பக்கம் லிஃப்டின் விவரம், இரண்டாவது 'ஓட்டலாம்'. மூன்றாவது பக்கத்தைக் காட்டாதே என்று கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒரு துண்டு கட்டளையிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் குறிப்பிட்ட சில இடங்களை மாற்றினால் கைரேகை மாறாதபடி அதை முன்கூட்டியே செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றார் சங்கிலிக்காரர். நகல் ஒன்று எடுத்து, அந்த இடங்களை மாற்றி, கைரேகையைச் சரிபார்த்தார். பச்சை. திறந்தார்.

இரண்டாம் பக்கம் போய்விட்டது. அதன் இடத்தில் மூன்றாவது பக்கம் வந்து நின்றது.

'நிறுத்துக. பிரேக் பட்டை 1.5 மி.மீ. மட்டுமே. விளிம்பு தீய்ந்திருக்கிறது. புதுப் பட்டை போட்டு நான் வந்து பார்க்கும்வரை ஒரே ஒரு ஆளைக்கூட ஏற்றக்கூடாது.'

'ஒரே ஒரு ஆளைக்கூட' என்று எழுதுவது அக்காவின் வழக்கம். மற்ற இன்ஸ்பெக்டர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவள் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள். ஒருமுறை படித்தாள். விரலை வைத்து எழுத்து எழுத்தாக இன்னொரு முறை படித்தாள். பிறகு அங்கேயே, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

"நான் சரியாத்தான்டா பார்த்திருக்கேன். தூங்காம இருந்தாலும் சரியாத்தான் பார்த்திருக்கேன்."

அழுகையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒட்டடை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் மறைத்தே காட்டிவிட்டார்களே என்றான். தராசம்மா கணக்கை முடித்தார். கருவியில் அக்காவுக்குக் காட்டியது 'நிறுத்துக' முகம். அவள் அதைப் பார்த்துத்தான் கையெழுத்திட்டாள். கைரேகை சங்கிலியில் ஏறியதும், கம்பெனியின் கணினியில் முகத்தைத் திருப்பிவிட்டார்கள். நிறுத்தச் சொன்னால் ஒரு நாளுக்குள் கம்பெனி தன் செலவில் பழுது பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தச் செலவு மிச்சம். இடையில் யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் யாரும் அறிக்கையைப் படிப்பதே இல்லை. பச்சையைப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். சங்கிலிக்காரர் அதை மறுக்கவில்லை. தானும் அப்படித்தான் என்றார்.

மணி இரண்டு நாற்பத்தாறு. மேலே போக நேரம் தாராளமாக இருந்தது. இரண்டு கருவிகளையும் திரையில் இருப்பதன் நகலையும் எடுத்துக்கொண்டு போனால் போதும், அக்காவின் லைசென்ஸை யாராலும் தொட முடியாது. ஒட்டடை கடிதத்தை எடுத்து நான்காக மடித்தான். அவன் மனசு அப்போதே வீட்டுக்குப் போய், மாமாவிடம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கிலிக்காரரிடம் ஒன்று கேட்டாள். "இதை ஒரு தடவைதான் பண்ணியிருப்பாங்களா?"

உண்மையாகவே ஓட்டலாம் என்று எழுதிய அறிக்கைக்கு மறைக்கப் பக்கம் தேவையில்லை, அது இலேசாகத்தான் இருக்கும் என்றார் தராசம்மா. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். இந்தக் கம்பெனியின் எல்லா அறிக்கைகளையும் எடை வாரியாக அடுக்கச் சொன்னார்.

சங்கிலிக்காரர் ஒரு விசையைத் தட்டினார். முந்நூற்றுச் சொச்சம் அறிக்கைகள் வரிசை மாறி நின்றன. மேலே கொஞ்சம் பேர் 400க்குப் பக்கத்தில், மற்ற எல்லோரும் 270க்குக் கீழே. நடுவில் ஒருவரும் இல்லை. மேலே இருந்தவர்களை ஒட்டடை எண்ணினான். விபத்து நடந்ததைத் தள்ளினால் பதினொன்று. பதினொன்றும் பச்சை. பதினொன்றும் 'ஓட்டலாம்'. கண் மருத்துவமனை ஒன்று, பெண்கள் விடுதி ஒன்று, பல் மருத்துவரும் நடன வகுப்பும் இருக்கும் ஐந்து மாடி ஒன்று. எல்லாம் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

லிஃப்டை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான். போனில் லைசென்ஸ் எண்ணைச் சொல்லி உத்தரவிட்டால் கட்டடக் காவலர் சுவிட்சை இறக்கியாக வேண்டும். சங்கிலிக்காரர் சொன்னால் இறக்க மாட்டார்கள். தராசம்மா சொன்னாலும் இறக்க மாட்டார்கள். மற்ற இன்ஸ்பெக்டர்களைத் தேடிப் பிடித்து, நம்ப வைத்து, பேச வைக்க எத்தனை நேரம் ஆகுமோ. விசாரணை அறைக்குள் போனாலோ கைப்பேசியை வெளியே வைத்துவிட வேண்டும், முடியும்வரை எழுந்து வர முடியாது. குறைந்தது ஒரு மணி நேரம்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பத்தொன்று.

"மூணு மணி வரைக்கும் நான் இன்ஸ்பெக்டர்தானே?"

ஒட்டடை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். போய் உட்காருக்கா, அவர்கள் ரத்து செய்தால் ஒரு வருடம் ஆகும், மாமாவும் வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிறார் என்று கெஞ்சினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலே இருந்து ஒவ்வொன்றாகப் போன் நம்பரைப் படிடா என்றாள். தராசம்மா அவளிடம் ஒன்றும் வாதாடவில்லை. இரண்டு கருவிகளையும் கைப்பைக்குள் போட்டார். சங்கிலிக்காரரை எழுப்பிக் கூட அழைத்துக்கொண்டார். மேனேஜர் விசாரணை அறையை விட்டு ஓர் அடி நகராமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

முதல் அழைப்பு கண் மருத்துவமனை. அக்கா தன் லைசென்ஸ் எண்ணைச் சொன்னாள். உள்ளே இருப்பவர்களைத் தரைத் தளத்தில் இறக்கிவிட்டு, காலியான பிறகு சுவிட்சை இறக்குங்கள், கதவுக்கு முன்னால் எதையாவது குறுக்கே போடுங்கள் என்றாள். பதற்றமே இல்லாத குரல். காவலர் இறக்கிவிட்டு வந்து சொல்லும்வரை இணைப்பை வைக்கவில்லை. இரண்டாவது விடுதி. மூன்றாவதில் யாரும் எடுக்கவில்லை, மறுபடி அடித்தபோது எடுத்தார்கள். ஒட்டடை எண்களைப் படித்தான், முடிந்ததைக் கோடு போட்டு அடித்தான். ஜோக் எதுவும் வாயில் வரவில்லை. ஏழாவதைக் கோடு போட்டு அடித்தபோது மணி மூன்று. இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி எட்டாவது எண்ணுக்குப் போனார்கள்.

எட்டு, ஒன்பது, பத்து. காவலர்கள் லைசென்ஸைச் சரிபார்க்காமலே சொன்னதைக் கேட்டார்கள்.

பதினொன்றாவது ஒரு ஆறு மாடிக் குடியிருப்பு. காவலர் நிதானமானவர். இருங்க மேடம், நம்பரைச் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மறுமுனையில் அவர் கைப்பேசியைத் தட்டுவது கேட்டது. பின்னணியில் குழந்தைகள் சத்தம்; பள்ளி விட்டு வரும் நேரம்.

"ரத்துன்னு வருதே மேடம்."

ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டான். அக்காவின் முதுகு ஒரு கணம் தளர்ந்தது. அவ்வளவுதான், மறுபடி நிமிர்ந்தாள்.

"சரிதாங்க. இப்ப நான் இன்ஸ்பெக்டர் இல்ல, என்னால உத்தரவு போட முடியாது. போன மாசம் உங்க இயந்திர அறையில ஏறி உட்கார்ந்து லிஃப்டோட பிரேக்கை அளந்தது நான்தான். ஒரே ஒரு ஆளைக்கூட ஏத்தக்கூடாதுன்னு எழுதினேன். அதை அழிச்சுட்டாங்க. பட்டை மாத்தியாச்சு, வேற இன்ஸ்பெக்டர் பார்த்துட்டாருன்னு என்கிட்ட பொய் சொன்னாங்க. நிறுத்தறதும் நிறுத்தாததும் இனி உங்க இஷ்டம்."

மறுமுனையில் அவர் எழுந்து நடப்பது கேட்டது. பிறகு, எல்லாரும் வெளியே வாங்க, படியில போங்க, என்று அவர் யாரையோ அதட்டும் குரல். யாரோ எதிர்த்துப் பேசினார்கள். மூச்சு வாங்க அவர் திரும்பி வந்தபோது மூன்று பதின்மூன்று.

"இறக்கிட்டேன் மேடம். கம்பெனிலேருந்து கேட்டா யார் சொன்னதுன்னு சொல்லட்டும்?"

"என் பேரைச் சொல்லுங்க," என்றாள் அக்கா. பேரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்து, இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.